பட்டியலில் வராத பண்ணைகள்: அவசர நிலப் பாதுகாப்பு மானியம் குறித்து ஒரு திறந்த மடல்

அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை நிர்வாகிகளுக்கும், டெக்சஸ் பான்ஹேண்டில் பகுதிக் கவுண்டிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பேரிடரில் கெட்ட பண்ணை நிலத்தைச் சீர்செய்யும் செலவில் அரசு பங்கு தருவது அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம். எந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எந்தப் பண்ணைக்கு அதில் எத்தனை டாலர் போனது என்ற பட்டியலை இன்று யாரும் பார்க்கலாம். பொதுப்பணம், அதனால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் வேலையை முடித்தவர்கள் மட்டுமே. முதலில் கைப்பணத்தைப் போட்டு, வேலியை அடித்து, ரசீதுகளை ஒப்படைத்து, பிறகு பங்குத்தொகையை வாங்கிக்கொள்ள முடிந்தவர்கள். அனுமதி கிடைத்தும் கம்பி வாங்க வழியில்லாமல் விட்டவர்களும், ஆய்வாளர் வருவதற்குள் மாடு நெடுஞ்சாலைக்குப் போய்விடுமே என்று வேலையைத் தொடங்கித் தகுதியை இழந்தவர்களும் அதில் ஒரு வரியிலும் கிடையாது. அவர்களையும் எண்ணுங்கள், எண்ணி வெளியிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். அவர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும், சட்டத்தைத் தொடாமல் உங்கள் கையிலுள்ள அதிகாரத்தை வைத்தே எதைச் சரிசெய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

2024 பிப்ரவரி 26 அன்று, டெக்சஸின் வடகோடியான பான்ஹேண்டிலில், ஹட்சின்சன் கவுண்டியில் ஸ்டின்னெட் ஊருக்கருகே பிடித்தது ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ. மறுநாள் காற்று வடக்கிலிருந்து திரும்பி வீசியதும், தீயின் நீளமான பக்கவாட்டு ஓரமே முன்முனையாக மாறித் தெற்கே இறங்கியது. ராபர்ட்ஸ், ஹெம்ப்ஹில் கவுண்டிகளின் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பரப்பு அதில் போயிற்று. மொத்தம் 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கர். டெக்சஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய தீ பதிவாகவில்லை. ராபர்ட்ஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருப்பவர்களே 827 பேர். அங்கே வேலை என்றால் மாடு, மாடு என்றால் வேலி. புல் மழை பெய்தால் திரும்பி வரும். வேலி தானாக வராது.

தீ தொடங்கியது பழுதான மின்கம்பத்தால் என்று விசாரணை சொன்னபோது, "இயற்கைப் பேரிடர் அல்லவே, மானியம் உண்டா?" என்ற கேள்வி எழுந்தது. இதற்குத் திட்டத்தின் நடைமுறையிலேயே விடை இருக்கிறது. தீ மனிதச் செயலால் பிடித்திருந்தாலும், காற்று போன்ற இயற்கைக் காரணத்தால் பரவிச் சேதம் செய்திருந்தால் அது இந்தத் திட்டத்துக்குள் வரும். இந்த ஒரு வரியைப் பேரிடர் நடந்த முதல் நாளே அலுவலகக் கதவில் ஒட்டிவைத்தால், தகுதியில்லை என்று தாமே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் குறைவார்கள்.

திட்டத்தின் அடிப்படையை வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1978-ஆம் ஆண்டு வேளாண் கடன் சட்டத்தின் நான்காம் பகுதியில் பிறந்த திட்டம் இது. விளைச்சல் இழப்புக்கோ, இறந்த மாட்டுக்கோ இதில் பணம் இல்லை. அவற்றுக்கு வேறு திட்டங்கள் உண்டு. இது நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவில் பங்கு தருவது: இடிபாடு அகற்றுதல், நிலம் சமன்செய்தல், நிரந்தர வேலி, மண் பாதுகாப்புக் கட்டுமானங்கள், காற்றரிப்புத் தடுப்பு, வறட்சியில் கால்நடைக்குத் தண்ணீர் ஏற்பாடு. அனுமதிக்கப்பட்ட செலவில் 75 விழுக்காடு வரை அரசு தரும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள், வசதி குறைந்தவர்களுக்கு 90 விழுக்காடு வரை. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு உச்சவரம்பு 5 லட்சம் டாலர். அந்த நிலத்தின் வேளாண் மதிப்பில் பாதிக்கு மேல் தரக்கூடாது என்றும் வரம்பு இருக்கிறது.

75 விழுக்காடு என்று காதில் விழுந்ததும், கால்பங்கு கையில் இருந்தால் போதும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் முதல் சறுக்கல்.

ஒரு மைல் வேலிக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஐந்து கம்பி ஓடும் முள்வேலி. முள்கம்பிச் சுருள் ஒன்று 1,320 அடி, அதாவது கால் மைல். ஐந்து வரிக்கு மைலுக்கு 20 சுருள். இரும்பு டி-போஸ்ட்களை 16.5 அடிக்கு ஒன்றாக நட்டால் 320 கம்பம், ஒவ்வொன்றிலும் ஐந்து கொக்கி என்று 1,600 கொக்கி. மூலைகளிலும், நீண்ட ஓட்டத்தில் கால் மைலுக்கு ஒரு முறையும், மரக்கம்பங்களால் ஆன எச்-பிரேஸ் (கம்பியின் இழுவையைத் தாங்கும் எச் வடிவக் கட்டு) வேண்டும். 640 ஏக்கர் கொண்ட ஒரு சதுர மைல் நிலத்தைச் சுற்றினாலே நான்கு மைல் வேலி. குறுக்கு வேலிகள் தனி.

இப்போது விலைக்கு வருவோம். மானியம் கணக்கிடப்படுவது பண்ணையாளர் செலவழித்த தொகையின் மேல் மட்டும் அல்ல. அந்தத் தொகை, நீங்கள் முன்கூட்டி நிர்ணயித்த அலகு விலை, இரண்டில் எது குறைவோ அதன் மேல். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: உங்கள் அலகு விலை அடிக்கு 3 டாலர், சந்தையில் உண்மையில் ஆவது 4 டாலர் என்று வையுங்கள். 5,280 அடிக்கு உண்மைச் செலவு 21,120 டாலர். நீங்கள் ஏற்கும் செலவு 15,840. அதில் 75 விழுக்காடு 11,880. பண்ணையாளர் கையிலிருந்து போவது 9,240 டாலர், அதாவது ஏறக்குறைய 44 விழுக்காடு. நான்கு மைலுக்கு இது 36,960 டாலர். மாடும் போய், புல்லும் போன ஆண்டில்.

அலகு விலை பின்தங்குவதற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல. பேரிடருக்கு முந்தைய விலைகளை வைத்து அது போடப்பட்டிருக்கும். பத்து லட்சம் ஏக்கர் ஒரே வாரத்தில் எரிந்தால் சுற்றுவட்டாரத்தில் உள்ள கம்பி, கம்பம், வேலி அடிக்கும் ஆள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி. ஆகவே பேரிடர் நடந்த இரண்டு வாரத்துக்குள் மூன்று கடைகளிடமும் மூன்று ஒப்பந்தக்காரர்களிடமும் எழுத்தில் விலை வாங்கி, அலகு விலையைத் திருத்துங்கள். அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை விலையை விட்டுவிட்டுக் கம்பி, டி-போஸ்ட், எச்-பிரேஸ், எரிந்த வேலி அகற்றல், ஓடை குறுக்கிடும் இடத்து வேலி என்று உறுப்பு உறுப்பாக விலை போடுங்கள். கனேடியன் ஆற்றங்கரைச் சரிவுகளில் சுண்ணப்பாறையைத் துளையிட்டுத்தான் கம்பம் நட வேண்டியிருக்கும். மேட்டுச் சமவெளியில் கம்பத்தை அடித்தால் இறங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே விலை என்றால் சரிவில் இருப்பவர் ஒவ்வொரு அடிக்கும் நட்டப்படுகிறார்.

எரிந்த வேலியை அகற்றுவதை ஒரு சில்லறை வேலையாக நினைக்க வேண்டாம். கருகிய கம்பி சுருட்டும்போது ஒடியும். ஒடிந்த துண்டுகள் புல்லுக்குள் கிடந்தால் மாடு மேய்ச்சலோடு விழுங்கும். கம்பித் துண்டு இரைப்பையின் இரண்டாம் அறையைக் குத்தி, சில நேரம் இதய உறை வரை போய் மாட்டைக் கொல்லும். அகற்றலுக்குத் தனி விலை இல்லாவிட்டால், செலவை மிச்சம்பிடிக்கப் பழைய வேலியை அப்படியே சாய்த்துவிட்டுப் பக்கத்தில் புதியதை அடிப்பார்கள். அதன் விளைவு இரண்டாண்டு கழித்துத் தெரியும்.

அடுத்தது முன்பணம். வேலிக்கான மானியத்தில் 25 விழுக்காடு வரை வேலைக்கு முன்பே வாங்கிக்கொள்ளலாம் என்று 2018 வேளாண் சட்டம் வழிசெய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது செலவில் 25 விழுக்காடு அல்ல, மானியத்தில் 25 விழுக்காடு. மேலே சொன்ன கணக்கில் 2,970 டாலர். ஒரு மைலின் உண்மைச் செலவில் ஏழில் ஒரு பங்கு. வாங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தக்காரரோ இப்போது கேட்டால் நான்கு மாதம் கழித்து நாள் தருகிறார். கம்பிக்கு முன்பதிவு செய்தால் சரக்கு வர வாரங்கள் ஆகும். 60 நாள் ஓடிவிடும்.

அந்த 60 நாள் சட்டத்தில் இருப்பது, உங்களால் மாற்ற முடியாது. ஆனால் முன்பணம் எந்த நாளில் பண்ணையாளர் கணக்கில் விழுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அனுமதியையும் முன்பணத்தையும் ஒரே நாளில் தராமல், சரக்கு வந்து சேரும் தேதியோ ஆள் வரும் தேதியோ எழுத்தில் உறுதியான பிறகு முன்பணத்தை விடுவியுங்கள். பொருள் வாங்குவதே செலவழித்ததாகும் என்பதையும் ஒப்பந்தத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கம்பம் நட்டு முடித்தால்தான் கணக்கு என்று நினைத்துப் பயந்து முன்பணத்தைத் தொடாதவர்கள் உண்டு. அதோடு, நான்கு மைல் வேலியை ஒரே வேலையாக ஒப்பந்தம் போடாதீர்கள். கிழக்கு ஓரம், வடக்கு ஓரம் என்று பிரித்துப் போட்டால், ஒரு மைல் முடிந்ததும் அதற்கு முடிவுச் சான்று கொடுத்துப் பணம் வாங்கி, அதை வைத்தே அடுத்த மைலைத் தொடங்கலாம். கையிருப்பு குறைந்த பண்ணைக்கு இந்த ஒரு மாற்றம், மானிய விழுக்காட்டை உயர்த்துவதைவிடப் பெரிய உதவி.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது அனுமதி வரிசை. கவுண்டிக் குழு சேதத்தை மதிப்பிட்டுத் திட்டத்தைக் கோர வேண்டும், ஒப்புதல் வர வேண்டும், விண்ணப்பக் காலம் அறிவிக்க வேண்டும். பண்ணையாளர் எஃப்.எஸ்.ஏ.-848 என்ற விண்ணப்பப் படிவம் கொடுப்பார். பிறகு கள ஆய்வு, தொழில்நுட்பத் தேவை மதிப்பீடு, சுற்றுச்சூழல் ஆய்வு. அதன்பின் 848ஏ ஒப்பந்தம். வேலை முடிந்தபின் 848பி என்ற முடிவுச் சான்று, ரசீதுகள், பணம். ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. இந்த விதி ஏன் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தீக்கு முன்பே விழுந்து கிடந்த வேலியைத் தீயின் பெயரில் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்க ஆய்வு வேண்டும். புதிய தடத்தில் புல்டோசர் ஓட்டினால் கனேடியன் ஆற்றோரம் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புத் தடயங்கள் அழியும். அதற்கும் ஆய்வு வேண்டும்.

ஆனால் பழைய தடத்திலேயே, பழைய குழிக்குப் பக்கத்திலேயே கம்பம் நடுவதும், புதிய தடம் வெட்டுவதும் ஒன்றல்ல. முதல் வகைக்கு ஒரு தனிப் பாதை போடுங்கள். பண்ணையாளர் வேலியை அகற்றும் முன், ஒவ்வொரு கால் மைலுக்கும் இடக்குறியீடு பதிந்த படம் எடுக்க வேண்டும்: வேலி நீளவாக்கில் ஒன்று, கம்ப அடி தெரியும்படி ஒன்று, மூலைக் கட்டு ஒன்று. எரிந்த கம்பி ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் மூன்றடி வெட்டி, சீட்டுக் கட்டி வைத்திருக்க வேண்டும். தீயின் எல்லையைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டு அலுவலகத்திலிருந்தே சரிபார்க்கலாம். இவ்வளவும் இருந்தால், நெடுஞ்சாலையை ஒட்டிய வேலிக்கு விண்ணப்பித்த நாளே தொடங்க எழுத்தில் அனுமதி கொடுத்துவிடலாம். தற்காலிக மின்வேலி போட்டுக் காத்திருங்கள் என்று சொல்வது பதிலாகாது. அந்தச் செலவு பண்ணையாளர் தலையில், அதற்குப் பங்குத்தொகையும் இல்லை.

வேலி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதில்தான் ஆய்வாளருக்கும் பண்ணையாளருக்கும் அதிகம் சச்சரவு. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பி நின்றுகொண்டிருக்கும், நன்றாகவே தெரியும். துத்தநாகப் பூச்சு ஏறத்தாழ 419 பாகை செல்சியஸில் உருகும். குட்டைப் புல் மட்டும் எரிந்த இடத்தில் தீ நொடிகளில் கடந்துவிடுவதால் பூச்சு பெரும்பாலும் தப்பும். காற்றில் உருண்டு வந்து வேலியோடு குவியும் முட்செடிச் சருகும், பிளம் புதரும், சீடர் மரமும் எரிந்த இடத்தில் தப்பாது. பூச்சுப் போன கம்பி இழுவிசையையும் இழந்திருக்கும். முறுக்கினால் செதிலாக உதிரும் அல்லது ஒடியும். சில ஆண்டுகளில் துருப்பிடித்து அறுந்துபோகும். மரக்கம்பம் வெளியே லேசாகக் கருகியது போலிருந்து, தரைமட்டத்தில் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்று மெலிந்திருக்கும். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். டி-போஸ்ட் வளையாமல் இருந்தால் பெயின்ட் போனாலும் பயன்படும். ஆகவே கண்ணால் பார்த்து "பாதி சேதம்" என்று எழுதுவதை விட்டு, கால் மைலுக்கு ஒரு இடத்தில் கம்பியை வெட்டி, அதன் மேலேயே சுற்றி முறுக்கிப் பார்க்கும் சோதனையும், ஒவ்வொரு மரக்கம்பத்தையும் கையால் தள்ளிப் பார்ப்பதும் கட்டாயம் என்று ஆய்வுத் தாளில் சேருங்கள். எல்லா ஆய்வாளரும் ஒரே அளவுகோலில் எழுதுவார்கள்; மேல்முறையீடும் குறையும்.

வேலை முடிந்தபின் பார்க்க வேண்டியவையும் சில. எச்-பிரேஸில் மூலைவிட்டக் கம்பி, இழுவை தாங்கும் கடைக் கம்பத்தின் அடியிலிருந்து உள்கம்பத்தின் தலைக்குப் போக வேண்டும். அவசரத்தில் இதைத் தலைகீழாகக் கட்டிவிடுகிறார்கள். கம்பியை இறுக்கியதும் கடைக் கம்பம் மண்ணிலிருந்து மெல்ல மேலே வரும். கடைக் கம்பம் குறைந்தது மூன்றடி ஆழத்தில் இருக்க வேண்டும். டி-போஸ்ட்டின் அடித்தகடு முழுதும் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மணற்பாங்கான இடத்துக்கு நீளமான கம்பம் வேண்டும், அதற்கும் விலைப் பட்டியலில் இடம் வேண்டும். அடிக்கம்பியை முள்ளில்லாத கம்பியாக 16 அங்குல உயரத்தில் வைத்தால் பிராங்ஹார்ன் மான் அடியில் புகுந்து போகும். புல்வெளிக் கோழிகள் கூடும் இடங்களில் மேற்கம்பியில் வெள்ளைப் பட்டை மாட்டினால் அவை மோதிச் சாவது குறையும். சில்லறைச் செலவுதான், புதிதாக அடிக்கும்போதே செய்யாவிட்டால் பிறகு யாரும் செய்வதில்லை.

எல்லை வேலி இரு பண்ணைகளுக்குப் பொது. டெக்சஸில் உடன்பாடு இல்லாமல் பக்கத்து நிலக்காரரைச் செலவில் பங்கெடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் விண்ணப்பித்து, வெளியூரில் இருக்கும் மற்றவர் விண்ணப்பிக்காவிட்டால் பாதி வேலி மட்டுமே ஒப்பந்தத்தில் ஏறும். மாட்டுக்குப் பாதி வேலியும் ஒன்றுதான், வேலியே இல்லாததும் ஒன்றுதான். விண்ணப்பம் வந்ததும் எல்லையின் மறுபக்கத்து உரிமையாளருக்கு நீங்களே கடிதம் அனுப்புங்கள். இருவரின் பகுதிகளையும் ஒரே நாளில் ஆய்வு செய்யுங்கள். குத்தகை நிலத்திலும் இதே சிக்கல். வேலி உரிமையாளருடையது, மேய்ச்சல் இழப்பு குத்தகைக்காரருடையது. செலவை யார் ஏற்கிறாரோ அவருக்கே பங்குத்தொகை என்பதால், யார் எவ்வளவு போடுகிறார் என்ற ஒரு பக்க உடன்பாட்டை விண்ணப்பத்தோடு கேட்டு வாங்குங்கள். கடைசியில் கேட்டால் தகராறாகும்.

தீ பிடித்த கவுண்டிகளுக்கு மட்டும் இது பொருந்துவதல்ல. 2019-இல் நெப்ராஸ்காவில் வெள்ளம் வடிந்தபின் வயல்களில் மணல் நின்றதே, அங்கும் அலகு விலைதான் சிக்கல். ஒரு ஏக்கரில் ஓரடி மணல் என்பது சுமார் 1,613 கன கெஜம். 12 கன கெஜ லாரியில் 134 நடை. இரண்டு அங்குலம் வரை என்றால் வழக்கமான உழவிலேயே கலந்துவிடும். எட்டு அங்குலம் வரை, மணலின் இரு மடங்கு ஆழத்துக்கு உழ வேண்டும். அதற்கு மேல் பரப்பிவிட்டு ஆழ உழ வேண்டும். இரண்டடியைத் தாண்டினால் அள்ளுவது கட்டுமா என்றே யோசிக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் மெல்லிய மணல் பட்டவருக்கு லாபம், ஆழப் புதைந்தவருக்கு நட்டம். கன கெஜத்துக்கும் தூரத்துக்கும் விலை வையுங்கள்.

நிதி நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் உறுதியான ஒதுக்கீடு கிடையாது. பேரிடர்களுக்குப் பின் நாடாளுமன்றம் கூடுதலாகத் தருவதை நம்பியே ஓடுகிறது. 2024 டிசம்பரில் நிறைவேறிய நிவாரணச் சட்டத்தில் 82.8 கோடி டாலர் வந்தது. பான்ஹேண்டில் எரிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அதற்கான பணம் கையில் இருக்கிறதா, ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கிறதா என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். வங்கியில் கடன் கேட்டுப் போகும் பண்ணையாளரிடம் மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி எங்கள் முதன்மைக் கோரிக்கை. ஒவ்வொரு கவுண்டிக்கும், ஒவ்வொரு பேரிடருக்கும் இந்த எண்களை வெளியிடுங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, எத்தனை பேர் இடையில் விட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எத்தனை பேர் முன்பணம் வாங்கினார்கள், எத்தனை பேர் திருப்பித் தந்தார்கள், விண்ணப்பத்திலிருந்து ஆய்வுக்கும், முடிவுச் சான்றிலிருந்து பணத்துக்கும் எத்தனை நாள் ஆயிற்று, அலகு விலைக்கும் ரசீதுத் தொகைக்கும் இடைவெளி எவ்வளவு. இவை எல்லாம் படிவங்களில் ஏற்கெனவே உள்ளவை. பெயர் எதுவும் வேண்டாம். 90 விழுக்காட்டுக்குத் தகுதியானவர்களில் எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பதை மட்டும் தனியாகக் காட்டுங்கள். யாருக்காக விழுக்காட்டை உயர்த்தினீர்களோ அவர்களுக்கு அது போய்ச் சேருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கவுண்டிக் குழு உறுப்பினர்களே, நீங்கள் உங்கள் ஊர்ப் பண்ணையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். வாஷிங்டன் உத்தரவுக்குக் காத்திராமல் உங்களால் தொடங்கக்கூடியவை இதில் நிறைய. பான்ஹேண்டிலில் தீக்காலம் குளிர்காலத்திலேயே தொடங்கி, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை உச்சத்தில் இருக்கும். உறுப்பு வாரியான விலைப் பட்டியல், படம் எடுக்கும் முறை பற்றிய ஒரு பக்கத் தாள், கம்பிச் சோதனையோடு கூடிய ஆய்வுத் தாள், எல்லைக்காரருக்கான கடித மாதிரி ஆகிய நான்கையும் டிசம்பர் மாதக் கூட்டத்தில் வைத்து நிறைவேற்றி, கூட்டக் குறிப்பை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேய்ச்சல் நிலப் பராமரிப்பிலும் பண்ணை மானியக் கணக்கிலும் அக்கறை கொண்டவர்கள்